பேட்டரிக் கோலம்

ஆகஸ்ட் 5, திங்கள்

இன்று பதினொரு பெட்டிகளைக் காலி செய்தோம். நூலக வாசல் பெட்டியில் வழக்கம்போல பேட்டரியைத் தவிர மற்றதெல்லாம் இருந்தது. சாக்லேட் காகிதம், பாதி கடித்த கொய்யாக்காய், யாரோ ஒருவனின் தேர்வு நுழைவுச்சீட்டு. பெட்டியின் மேல் “பயன்படுத்திய பேட்டரிகளை மட்டும் போடவும்” என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. முனைவர் பட்டம் வாங்க வந்தவர்கள்தான் கொய்யாக்காயைப் போடுகிறார்கள். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்.

நான் வேதியியல் துறையில் ஆய்வக உதவியாளர். தொகுப்பூதியம். பதினான்கு வருடமாகத் தற்காலிகம். மூன்று வருடத்துக்கு முன் இந்தப் பேட்டரி வேலையையும் என் தலையில் கட்டினார்கள். நிரந்தர ஊழியர் யாரும் ஏற்கவில்லை. என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

வேலை எளிதுதான். கைக்கு வரும் ஒவ்வொரு பேட்டரிக்கும் இரண்டு முனையிலும் டேப் ஒட்ட வேண்டும். ஒட்டாமல் குவித்து வைத்தால் ஒன்றின் முனை இன்னொன்றின் மேல் பட்டுச் சூடேறும், தீப்பிடிக்கும். மைக்குக்குப் போடுகிற சதுரப் பேட்டரி இதில் பெரிய போக்கிரி. உப்பின செல்போன் பேட்டரி தனியாக மணல் டின்னுக்குள் போகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உரிமம் பெற்ற கம்பெனி லாரி வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகும்.

என்னோடு இசக்கியக்கா. ஒப்பந்தக்காரர் அனுப்பிய துப்புரவுப் பணியாளர். கையெழுத்துப் போடத் தெரியும். அறிவொளி வகுப்பில் கற்றதாம், சம்பளப் பதிவேட்டில் கடைசி எழுத்துக்கு ஒரு வால் வைத்து இழுப்பார். அதற்கு மேல் எழுத்து வராது. ஆனால் ஒரு பேட்டரிக் கட்டையை மேசைமேல் சாண் உயரத்தில் இருந்து நட்டமாகப் போட்டுவிட்டு, “இது செத்துட்டு டீச்சர், துள்ளுது பாருங்க. இதுக்கு உசுரு இருக்கு, பொத்துனு நிக்குது” என்பார். முப்பது கட்டையை மீட்டர் வைத்துச் சோதித்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. பயிற்சி என்று தனியாக நாங்கள் எதுவும் நடத்தியதில்லை. வேலையோடு வேலையாகச் சொன்னதுதான். என்னை டீச்சர் என்று கூப்பிடும் ஒரே ஆள் அவர். நான் டீச்சர் இல்லை என்று இதுவரை திருத்தியதில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மதிப்பீட்டுக் குழு இருபத்தேழாம் தேதி வருகிறது. பல்கலைக்கழகத்துக்குத் தரம் போடுகிற குழு. மூன்று வருடமாக எரியாத விளக்குகள் இன்று எரிந்தன. கழிப்பறைகளில் சோப்பு வந்திருக்கிறது. குழு போனதும் அதுவும் போய்விடும்.

பசுமை வளாக ஒருங்கிணைப்பாளர் பேராசிரியர் அமிர்தலிங்கம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “புஷ்பம், உங்க நிரந்தர ஃபைல் பதிவாளர் மேசைக்குப் போயிருச்சு. குழு நல்லபடியா முடிஞ்சா நானே கூடப் போய்க் கையெழுத்து வாங்குறேன்” என்றார்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். “பதினாலு வருசமா அந்த ஃபைல் எந்த மேசைக்குத்தான் போகல” என்றார். பேச்சு பிடிக்காமல் எழுந்து போய்விட்டேன். உள்ளே ஆசை இருந்தது. இருக்கத்தானே செய்யும்.

ஆகஸ்ட் 12, திங்கள்

டேப் தீர்ந்துவிட்டது. கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. என் கைக்காசில் ஆறு சுருள் வாங்கினேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

கோலம் போடப் போகிறார்கள். கோலமாவில் இல்லை, பேட்டரியில். குழு உள்ளே நுழையும் கருத்தரங்கக் கூடத்துத் தரையில் பல்கலைக்கழக முத்திரை. சிவப்பு, பச்சை, தங்க நிறப் பேட்டரிகளாலேயே நிரப்பியது. பக்கத்து மாவட்டக் கல்லூரி ஒன்று பிளாஸ்டிக் மூடியில் மயில் செய்து பாராட்டு வாங்கியதாம். நாம் சும்மா இருக்கலாமா?

மாதிரிக்கு ஒரு தட்டுக் கட்டைகளை அமிர்தலிங்கம் சார் அறைக்குக் கொண்டுபோனேன். டேப் கறுப்பாகத் தெரிகிறது என்ற பேச்சு வந்தது. உரித்துவிட்டு வைப்பது என்று முடிவாயிற்று. ஒரே ஒரு நாள்தான். இவர்களிடம் தீ, விபத்து என்று சொல்லிப் பிரயோஜனம் இல்லை. செவிடன் காதில் ஊதிய சங்கு.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமையும் வேலை. நானும் இசக்கியக்காவும் டேப் உரித்தோம். நாலாயிரத்துக்கு மேல் இருக்கும். மூன்று மாதம் ஒட்டியதை ஒரே நாளில் உரிப்பது எப்படிப்பட்ட வேலை என்று ஒட்டினவர்களுக்குத்தான் தெரியும்.

“டேப்ப உரிச்சா கிறுக்கு புடிச்சிரும்னு நீங்கதான டீச்சர் சொன்னிய?” என்றார் இசக்கியக்கா.

“சார் கண்டிப்பா உரிக்கச் சொல்லிட்டாங்கக்கா. ஒரு நாளைக்குத்தான்.”

“ஒரு நாளைக்குன்னு சொன்னா அதுக்குத் தெரியுமா?”

உரித்ததைத் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தோம். குத்துவிளக்கு மாதிரி மின்னியது. கோலம் போட்டது முழுக்க இசக்கியக்காதான். மார்கழியில் தெரு அடைக்கக் கோலம் போடுகிற கை. முத்திரையில் இருக்கும் தாமரையை அளவு பார்க்காமலே கொண்டுவந்துவிட்டார். நுண்கலைத் துறையில் இருந்து ஒரு அம்மா வந்து நின்று பார்த்து, “நல்லாருக்கே, யார் டிசைன்?” என்று என்னைக் கேட்டார். நான் சிரித்தேன். அவர் அதை நானே என்று எடுத்துக்கொண்டார் போல.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

குழு வந்தது, பார்த்தது, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தது. தலைவர் கைபேசியில் நாலு படம் எடுத்தார். “வேஸ்ட்டில் இருந்து ஆர்ட்” என்றார். அமிர்தலிங்கம் சார் என் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்தினார். பதினான்கு வருடத்தில் இந்தக் கூடத்தில் என் பெயர் ஒலிபெருக்கியில் வந்தது இதுதான் முதல் தடவை. இசக்கியக்காவைச் சீருடை பழசு என்று பின்பக்கம் நிற்கச் சொல்லியிருந்தார்கள்.

மூன்று மணிக்கு அதே கூடத்தில் கலை நிகழ்ச்சி. அரை மணியில் தரையைக் காலி செய்ய வேண்டும் என்றார்கள். எல்லாம் இரும்பு டிரம்முக்குள் போய், டிரம் ஆய்வகத்தை ஒட்டிய சேமிப்புக் கொட்டகைக்குப் போயிற்று.

நாளைக் காலை பதிவாளர் அறையில் பாராட்டு. பட்டுச்சேலை கட்டலாமா, கைத்தறி போதுமா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 28, புதன்

இசக்கியக்காவுக்கு அடிபட்டுவிட்டது.

ஆகஸ்ட் 30, வெள்ளி

எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

புதன்கிழமை ஒன்பது மணிக்கு நானும் கொட்டகையில் இருந்திருக்க வேண்டும். பிரித்து டேப் ஒட்டுகிற வேலை இருந்தது. நான் பதிவாளர் அறை வாசலில் கைத்தறிச் சேலையில் நின்றுகொண்டிருந்தேன். பத்து மணி வரை உள்ளே கூப்பிடவே இல்லை. கூப்பிட்டு ஒரு பூங்கொத்து தந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது வெடிச் சத்தம் கேட்டது. கலை நிகழ்ச்சிக்கு வாங்கிய பட்டாசு மீதி இருந்திருக்கும் என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் சிரித்தோம்.

நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது கொட்டகை வாசலில் இசக்கியக்கா உட்கார்ந்திருந்தார். வலது கை முழங்கை வரை கருகி, மணல் ஒட்டியிருந்தது. வாசல் பெட்டிகளைக் காலி செய்துவிட்டு அவர் வரும்போதே டிரம் புகைந்திருக்கிறது. தகரக் கொட்டகை, காலை வெயில், எண்ணெய்த் துணியும் உள்ளேயே கிடந்திருக்கிறது. காவலாளி தண்ணீர் ஊற்றப் போனாராம். “தண்ணி ஊத்தாதிய” என்று அவரைத் தள்ளிவிட்டு, நான் சொல்லிக்கொடுத்தபடி மணலை அள்ளிக் கொட்டியிருக்கிறார். மூன்றாவது வாளி கொட்டும்போது வெடித்தது. பக்கத்திலேயே காஸ் சிலிண்டர் அறை. அவர் ஓடியிருந்தால் ஆய்வகமே போயிருக்கும்.

ஆட்டோவில் என் மடியில் சாய்ந்துகொண்டு, “மணலுதான் போட்டேன் டீச்சர், மணலுதான் போட்டேன்” என்று ஆஸ்பத்திரி வரை சொல்லிக்கொண்டே வந்தார். பரீட்சையில் எழுதியதை வெளியே வந்து ஒப்பிக்கிற பிள்ளையைப்போல. எனக்கு அழுகை வந்தது. இப்போதும் வருகிறது.

செப்டம்பர் 3, செவ்வாய்

இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். மற்ற மூன்றும் மடங்காது என்கிறார்கள். அரசு மருத்துவமனைத் தீக்காயப் பிரிவில் அவருடைய மகள் சுயம்புக்கனி கூட இருக்கிறாள். பி.காம். முடித்துவிட்டு வேலை தேடுகிறவள். என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வலியில் இருக்கிற அம்மாவைப் பார்த்துக்கொள்கிறவளிடம் குசலம் எதிர்பார்க்கக் கூடாது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள். மூன்று பேராசிரியர்கள். பேட்டரிக் கோலம் என்ற வார்த்தை சுற்றறிக்கையில் எங்கும் இல்லை. “சேமிப்புக் கொட்டகை விபத்து” என்று இருக்கிறது.

செப்டம்பர் 6, வெள்ளி

அமிர்தலிங்கம் சார் ஒரு புது நோட்டு கொடுத்தார். கொட்டகைக்குத் தினசரிப் பணிக்குறிப்பு எங்கே என்று குழு கேட்கிறதாம். அப்படி ஒன்று இருந்ததே இல்லை. “இருந்திருக்கணும் புஷ்பம். நீங்கதான பொறுப்பு. இப்ப எழுதிருங்க. ஜூன்ல இருந்து போதும்.”

“நடக்காததையா சார்?”

“நீங்க சொல்லிக்கொடுத்தது நடந்துச்சா இல்லையா? அதத்தான எழுதச் சொல்றேன். யார் மேலயும் பழி போடச் சொல்லலயே. உங்க ஃபைல் இந்த நேரத்துல பின்னால போயிறக் கூடாது பாருங்க.”

ஆய்வகக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்து ஐந்து மணிக்கு முடித்துவிட்டேன். அறுபது நாள். மூன்று பேனா மாற்றினேன். “டேப் ஒட்டாமல் பேட்டரிகளைக் கொட்டக் கூடாது எனத் தூய்மைப் பணியாளருக்கு அறிவுறுத்தப்பட்டது.” “பாதுகாப்புப் பயிற்சி அளிக்கப்பட்டது. பணியாளர் புரிந்துகொண்டார்.” ஒரு பக்கத்தில் கொஞ்சம் டீ சிந்தினேன். அது யாரும் சொல்லாமல் எனக்கே தோன்றியது.

இந்த நோட்டில் வாரத்துக்கு ஒரு நாள் எழுதவே எனக்குச் சோம்பல். அந்த நோட்டில் ஒரு நாள்கூட விடவில்லை.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நோட்டில் பணியாளர் ஒப்பம் வேண்டும் என்றிருந்தார் சார். கையெழுத்துப் போடும் கையில் கட்டு. அதனால் ரேகை. சுயம்புக்கனி மருந்து வாங்கப் போயிருந்த நேரமாகப் பார்த்து மைப்பெட்டியை எடுத்தேன்.

“இது எதுக்கு டீச்சர்?”

“வைத்தியச் செலவுக்கு, இழப்பீட்டுக்கு. எல்லாத்துக்கும் பதிவு வேணும்லாக்கா.”

இடது கையை நீட்டினார். அறுபது தடவை. நான் பக்கத்தைத் திருப்பத் திருப்ப அவர் வைத்துக்கொண்டே வந்தார். முப்பதுக்கு மேல் அவருக்குக் கை தளர்ந்துவிட்டது. நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். முடிந்ததும் என் கைக்குட்டையால் விரலைத் துடைத்துவிட்டேன். கொழுக்கட்டையை ஊட்டிவிடவா என்று கேட்டேன். “மவ வரட்டும்” என்றார்.

செப்டம்பர் 16, திங்கள்

விசாரணை. பதினைந்து நிமிடம்.

டேப் இல்லாத பேட்டரிகளை மொத்தமாக வாரி இரும்பு டிரம்மில் போடச் சொன்னது யார் என்று கேட்டார்கள். நான் அப்போது குழுவை வழியனுப்ப வாசலில் இருந்ததாகச் சொன்னேன். நோட்டைப் புரட்டினார்கள். மாதாமாதம் சம்பளப் பதிவேட்டில் வால் இழுத்துக் கையெழுத்துப் போடுகிற பொம்பளை, ஜூன், ஜூலை முழுக்க இந்த நோட்டில் மட்டும் ஏன் ரேகை வைத்தாள் என்று மூன்று முனைவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டுவிடுவார்களோ என்று எனக்குப் பயம் இருந்தது. கேட்காமல் மூடி வைத்தபோது வந்த கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. என்ன மனுஷர்கள் இவர்கள்!

அக்டோபர் 1, செவ்வாய்

அறிக்கை வந்துவிட்டது. பலமுறை அறிவுறுத்தியும் பணியாளர் விதிகளை மீறினார். ஒப்பந்தக்காரர் அவரை நீக்கினார். விதியை மீறியவருக்கு இழப்பீடு இல்லையாம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. புதுக் கொட்டகைக்குப் பொட்டு வைத்தார்கள். பொரிகடலையில் ஒரு பொட்டலம் எனக்கும் வந்தது. தின்னவில்லை.

அக்டோபர் 24, வியாழன்

பணி நிரந்தர ஆணை கைக்கு வந்தது. அமிர்தலிங்கம் சார் சொன்னபடி கூடவே வந்து வாங்கிக் கொடுத்தார். இவர் ஆணையை நாலு தடவை வாசித்தார். இனிப்பு வாங்கிவர எழுந்தார். வேண்டாம் என்றேன். “பதினாலு வருசமா கேட்டதுதான, இப்ப என்ன மூஞ்சிய இப்படி வச்சிருக்க?” என்றார். தலைவலி என்றேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

இசக்கியக்கா வீட்டுக்குப் போனேன். ரயில்வே கேட்டைத் தாண்டி மூன்றாவது தெரு. தீபாவளிக்குச் சேலை எடுத்துப் போயிருந்தேன். வாங்கி நாற்காலியில் வைத்துவிட்டார். வலது கை மடியில் கிடந்தது.

எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். “அக்கா, அந்த நோட்டுல...” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும் டீச்சர். ரேகை வைக்கும்போதே தெரியும். எழுத்துதான் வராது, தேதி நம்பரு தெரியும்லா. பழைய தேதிக்கு ஆரு வைத்தியச் செலவு குடுப்பா? பக்கத்துக்குப் பக்கம் நீங்க என் மூஞ்சியவே பாக்கல.”

“பெறவு ஏன்க்கா வச்சீங்க?”

“வைக்காட்டா என்ன செய்வாவ? வேற ஆள வச்சு ரேகை வைப்பாவ. கூடத்துல வச்சு நீங்க சொன்னியள்லா, ‘அக்கா, நேரம் ஆவுது, எல்லாத்தயும் சும்மா வாரி டிரம்முல போடுங்க, காலைல வந்து பிரிச்சிக்கிடலாம்’னு. நான் ரெண்டு தடவ கேட்டேன். ‘போடுங்கக்கா’ன்னு கத்துனிய. அத நான் சொன்னா ஆரு நம்புவா? ஒங்க வேலயும் போவும், என் கையும் வராது.”

நான் எழுந்து பையை எடுத்தேன்.

“ஒண்ணு மட்டும் செய்யுங்க. அந்த வேலய எம்மவளுக்கு வாங்கிக் குடுங்க. படிச்ச பிள்ளதான். வேற வேல கெடைக்க மாட்டேங்கு. வீட்டுல அடுப்பு எரியணும்லா.”

சுயம்புக்கனி வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வெளியே வரும்போது வழியை விட்டு விலகி நின்றாள்.

நவம்பர் 4, திங்கள்

அமிர்தலிங்கம் சாரிடம் கேட்டதும் உடனே சம்மதித்தார். அந்தக் குடும்பத்துக்கு நம்மால் ஆன உதவி என்றார். மனசில் இருந்த கொஞ்ச நஞ்சப் பாரமும் அவருக்கு இறங்கியிருக்கும். சுயம்புக்கனி இன்று வேலைக்கு வந்தாள். அம்மாவின் சீருடையைப் பிடித்துத் தைத்துப் போட்டிருந்தாள். எனக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்றும் மிச்சம் இல்லை. எதை மணலில் போடுவது, எதற்கு முதலில் டேப் ஒட்டுவது, எல்லாம் தெரிந்து வந்திருக்கிறாள்.

பதினொரு மணிக்கு சார் போன் செய்தார். தரச்சான்று கிடைத்ததற்கு இருபதாம் தேதி விழா. சிறப்பு விருந்தினருக்காக மறுபடியும் அந்தக் கோலம் வேண்டுமாம். “போன தடவ மாதிரியே பண்ணிருங்க” என்றார்.

நான் சுயம்புக்கனியிடம் போய், “விழாவுக்குக் கோலம் போடணுமாம். பதினெட்டாம் தேதி டேப்ப உரிக்கணும்” என்றேன்.

பழகின வாய், தானாக வந்துவிட்டது.

அவள் கையுறையைக் கழற்றினாள். பையில் இருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தாள். தேதி போட்டாள், மணி போட்டாள். “கோலத்துக்காக, பேட்டரிகளில் ஒட்டிய டேப்பை உரிக்க வேண்டும் என்று தங்கபுஷ்பம் மேடம் என்னிடம் சொன்னார்.” நல்ல கையெழுத்து. நோட்டை என் பக்கம் திருப்பிப் பேனாவையும் நீட்டினாள்.

“கையெழுத்துப் போடுங்க மேடம்.”

“நான் எங்க சொன்னேன், சார் சொன்னத...”

“எங்கிட்ட சொன்னது நீங்கதான?”

குரலை உயர்த்தவில்லை. கோபம்கூட இல்லை. நான் பேனாவை வாங்கவில்லை. நேராக அமிர்தலிங்கம் சார் அறைக்கு நடந்தேன். உள்ளே இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள் இருந்தார்கள். அவர்கள் போகும்வரைகூடக் காத்திருக்கவில்லை.

“சார், டேப்ப உரிக்க முடியாது. உரிச்சா தீப்பிடிக்கும். உரிக்க மாட்டேன்.”

சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் கணினியில் இருந்து நிமிர்ந்து பார்த்தார்.

“சரி, அப்ப டேப்போடவே வைங்க. இல்ல, பூக்கோலம் போட்டுக்கலாம். இதுக்கு ஏன் இவ்வளவு படபடப்பு?”

நான் நகரவில்லை.

“அன்னைக்கும் நான் உரிக்கச் சொல்லலயே புஷ்பம். கறுப்பா இருக்கேன்னுதான் கேட்டேன். ‘உரிச்சிரலாம் சார், அழகா இருக்கும்’னு நீங்கதான சொன்னீங்க” என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. ஞாபகப்படுத்துகிற மாதிரிதான் சொன்னார். பிறகு மாணவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆமாம். அப்படித்தான் சொன்னேன். ஆகஸ்ட் இருபதாம் தேதியும் அதே நாற்காலியில் அவர், அதே இடத்தில் நான். முடியாது என்று சொல்ல இன்றைக்கு ஆனது ஒரு நிமிடம்கூட இல்லை.